உயிர் வந்தால் ‘ஆன்’



பள்ளிகள் திறந்துவிட்டன. நோட்டுகளுக்கு அட்டை போட்டு முடிப்பதற்குள் வீட்டுப்பாடமும் வந்துவிட்டது. இந்நேரம் உங்களில் பலர் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளையின் ஆங்கிலப் பயிற்சி நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். ‘கோடிட்ட இடத்தை நிரப்புக’ என்று மேலே எழுதியிருக்கும். கீழே ஒரு கோடு, பக்கத்தில் ‘ஆப்பிள்’. நிரப்ப வேண்டியது ‘ஏ’யா, ‘ஆன்’னா?

ஆப்பிளுக்கு எல்லோருக்கும் விடை தெரியும். நாம் படித்த காலத்திலிருந்து ஒரே சூத்திரம்தான்: ஏ, இ, ஐ, ஓ, யூ ஆகிய ஐந்து எழுத்துகளில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் ‘ஆன்’, மற்றதற்கெல்லாம் ‘ஏ’. ஆப்பிள், எலிஃபெண்ட், இங்க் பாட்டில், ஆரஞ்சு, அம்ப்ரெல்லா வரைக்கும் வண்டி ஓடும். ஆறாவது கேள்வியில் ‘யுனிவர்சிட்டி’ வந்து நிற்கும். யூ என்ற எழுத்தில் தொடங்குகிறதே என்று பிள்ளை ‘ஆன்’ போடும். மறுநாள் சிவப்பு மையில் சுழித்து வரும். ஏழாவது கேள்வி, மணி நேரத்தைக் குறிக்கும் ‘அவர்’. எச் என்ற எழுத்தில் தொடங்குகிறது, அதனால் ‘ஏ’ போடும். அதற்கும் சுழி. பிள்ளை நம் முகத்தைப் பார்க்கும். ‘அதெல்லாம் விதிவிலக்கு, மனப்பாடம் பண்ணிக்கோ’ என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவோம்.

அவை விதிவிலக்குகளே அல்ல. சூத்திரம்தான் பிழை. ஆங்கிலத்தில் ‘ஆன்’ போடுவது எழுத்தைப் பார்த்து அல்ல, ஒலியைக் கேட்டு. அடுத்து வரும் சொல்லின் முதல் ஒலி உயிரொலியா என்பது மட்டுமே கேள்வி. யுனிவர்சிட்டி என்று சொல்லும்போது முதலில் வருவது ‘ய்’ என்ற மெய். ‘அவர்’ என்னும்போது எச் ஊமை. காதில் விழுவது ‘அ’. கண்ணால் பார்த்துப் போடும் சூத்திரத்தைக் குழந்தையிடம் கொடுத்துவிட்டு, காதால் போட வேண்டிய விடையை எதிர்பார்த்தால் எப்படி?

இதற்கு நம்மிடமே ஒரு நல்ல வழி இருக்கிறது. சந்தேகம் வரும் ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுதிப் பாருங்கள். முதல் எழுத்து உயிரெழுத்தாக இருந்தால் ‘ஆன்’. உயிர்மெய்யாக இருந்தால் ‘ஏ’. அவ்வளவுதான்.

‘யூரோப்பியன்’ என்று எழுதுகிறோம். முதலில் ‘யூ’, உயிர்மெய். எனவே ‘ஏ யூரோப்பியன்’. ஆங்கிலத்தில் அது இ என்ற எழுத்தில் தொடங்குகிறது என்பதை மறந்துவிடலாம். ஊட்டிப் பக்கம் போனால் வாசனை வீசுமே, அந்த யூகலிப்டஸ் மரமும் அப்படித்தான். யூனிஃபார்ம், யூனியன், யூனிட், யூஸ்ஃபுல் எல்லாம் ‘ஏ’. அதே யூ எழுத்தில் தொடங்கினாலும் அங்கிள், அம்ப்ரெல்லா, அக்லி ஆகியவை தமிழில் ‘அ’ என்று தொடங்குவதால் ‘ஆன்’. கூட்டங்களில் ‘ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது’ என்கிறோமே, அதற்கான ‘யுனானிமஸ்’ ஆங்கிலத்தில் யூ, என் என்று தொடங்குவதைப் பார்த்துப் பலர் ‘ஆன்’ போட்டுவிடுகிறார்கள். தமிழில் எழுதினால் ‘யு’. ‘ஏ யுனானிமஸ் டிசிஷன்’ என்பதே சரி.

ஆங்கில எழுத்துகளை வரிசையாகப் படிக்கும் சுருக்கப் பெயர்களில் இந்த வழியின் அருமை இன்னும் நன்றாகத் தெரியும். நம் அன்றாட வாழ்க்கை அவற்றால்தான் ஓடுகிறது. காலையில் ஈ.பி. பில். வங்கியிலிருந்து ஓ.டி.பி. மாதக் கடைசியில் ஈ.எம்.ஐ. காலில் அடிபட்டால் எக்ஸ்ரே. தகராறு முற்றினால் எஃப்.ஐ.ஆர்., அதைப் பதிவு செய்ய ஓர் எஸ்.ஐ. தொகுதிக்கு எம்.எல்.ஏ., அமெரிக்காவிலிருந்து வந்திறங்கும் சித்தப்பா மகன் என்.ஆர்.ஐ., வீடு தேடி வருபவர் எல்.ஐ.சி. முகவர். இவை எல்லாவற்றுக்கும் ‘ஆன்’தான். எஃப், எல், எம், என், எஸ், எக்ஸ் ஆகிய எழுத்துகள் ஆங்கிலக் கணக்கில் மெய்கள். ஆனால் அவற்றின் பெயர்களைச் சொல்லும்போது ‘எ’ என்ற உயிரில் வாய் திறக்கிறது. தமிழ் நாளிதழ் அதை அப்படியே அச்சடித்துக் காட்டுகிறது. மாறாக வி.ஏ.ஓ., டி.எஸ்.பி., சி.பி.ஐ., யூ.பி.ஐ., பிஎச்.டி. ஆகியவை உயிர்மெய்யில் தொடங்குவதால் ‘ஏ’.

ஆங்கிலத்தின் 26 எழுத்துகளில் 12 எழுத்துகளின் பெயர்கள் உயிரொலியில் தொடங்குகின்றன: ஏ, இ, எஃப், எச், ஐ, எல், எம், என், ஓ, ஆர், எஸ், எக்ஸ். வகுப்பில் சொல்லித்தரும் ஐந்தில் ஒன்றான யூ இந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

சுருக்கத்தை எழுத்தெழுத்தாகப் படிக்காமல் ஒரே சொல்லாகப் படித்தால் கணக்கு மாறும். நீட், என்.சி.சி. இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே முதலெழுத்து. ஆனால் நீட் எழுதும் மாணவருக்கு ‘ஏ’, என்.சி.சி. மாணவருக்கு ‘ஆன்’. சிம் கார்டுக்கு ‘ஏ’, எஸ்.எம்.எஸ்.ஸுக்கு ‘ஆன்’. நாசா விஞ்ஞானிக்கு ‘ஏ’, இஸ்ரோ விஞ்ஞானிக்கு ‘ஆன்’. இதையும் தமிழ் எழுத்தே சொல்லிவிடுகிறது. எண்களும் அப்படித்தான். 8, 11, 18, 80 ஆகியவற்றை ஆங்கிலத்தில் படித்தால் உயிரொலி. ‘ஆன் 18 இயர் ஓல்ட்’ என்று எழுத வேண்டும். 100க்கு ‘ஏ’.

பார்க்க வேண்டியது உடனடியாக அடுத்து நிற்கும் சொல்லைத்தான். பெயர்ச்சொல்லைத் தேடிப் போக வேண்டாம். ‘ஆன் அம்ப்ரெல்லா’, ஆனால் ‘ஏ பிளாக் அம்ப்ரெல்லா’. ‘ஏ யுனிவர்சிட்டி’, ஆனால் ‘ஆன் அண்ணா யுனிவர்சிட்டி ஸ்டூடண்ட்’.

இந்த வழி எங்கே வழுக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வழுக்கும் இடங்கள் சில உண்டு, அவற்றுக்குக் காரணமும் உண்டு. ‘ஒன்’ என்று எழுதுகிறோம். ஒன்வே, ஒன் டே மேட்ச். தமிழில் ‘ஒ’ இருப்பதால் ‘ஆன்’ போடலாம் என்று தோன்றும். ஆனால் ஆங்கிலேயர் வாயில் அது ‘வன்’. எனவே ‘ஏ ஒன்வே ஸ்ட்ரீட்’. ‘ஒய்’ என்ற எழுத்தும் உண்மையில் ‘வை’. ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்துக்கு ‘ஏ’. கம்பளியைக் குறிக்கும் ‘உல்லன்’, மரத்தைக் குறிக்கும் ‘உட்’, மின்சாரம் பாயும் ‘ஒயர்’ எல்லாவற்றிலும் தொடக்கத்தில் ஒரு ‘வ்’ ஒளிந்திருக்கிறது. ரொட்டிக்குச் சேர்க்கும் ‘ஈஸ்ட்’, ஆண்டைக் குறிக்கும் ‘இயர்’ ஆகியவற்றில் ஒரு ‘ய்’. காதுக்கும் ஆண்டுக்கும் தமிழில் ‘இயர்’ என்றே எழுதுகிறோம். ஆங்கிலத்தில் காதுக்கு ‘ஆன்’, ஆண்டுக்கு ‘ஏ’.

ஏன் இந்தச் சொற்கள் மட்டும்? உல்லன், உட், ஈஸ்ட், இயர் போன்றவற்றுக்கு நன்னூலைத் திறந்தால் விடை இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எந்தெந்த எழுத்துகள் தமிழ்ச் சொல்லின் முதலில் வரும் என்று வரையறுத்தார். வகரம் உ, ஊ, ஒ, ஓ ஆகிய நான்கு உயிர்களோடு சேர்ந்து சொல்லுக்கு முதலாக வராது. யகரம் அ, ஆ, உ, ஊ, ஓ, ஔ ஆகிய ஆறோடு மட்டுமே வரும். இ, ஈ, எ, ஏ ஆகியவற்றோடு வராது. ‘வுட்’ என்று தொடங்க நம் நாக்கும் பேனாவும் தயங்குவது இதனால்தான். அது ‘உட்’ ஆகிறது, ‘யீஸ்ட்’ ‘ஈஸ்ட்’ ஆகிறது. யுனிவர்சிட்டியில் உள்ள ‘யு’வுக்கு நன்னூலின் அனுமதி உண்டு; அதனால் அது பழுதில்லாமல் வந்து சேர்ந்தது. எனவே தமிழில் ஒ, உ, இ, ஈ என்று தொடங்கும் ஆங்கிலச் சொல்லைக் கண்டால் மட்டும், உள்ளே ஒரு ‘வ்’ அல்லது ‘ய்’ பதுங்கியிருக்கிறதா என்று ஒருமுறை தட்டிப் பாருங்கள். கூடவே ‘இசட்’. அதன் முன்னால் நிற்கும் ‘இ’ நாம் வைத்தது. ‘இசட் பிளஸ்’ பாதுகாப்புக்கு ‘ஏ’.

எழுத்தில் சரியாக இருந்தும் பேச்சில் நாம் சறுக்குவது வேறொரு கதை. ‘எட்டு’ என்று எழுதிவிட்டு ‘யெட்டு’ என்று சொல்வதும், ‘எங்கே’ என்பதை ‘யெங்கே’ என்பதும் நம் பேச்சு வழக்கு. தமிழுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அதே நாக்கோடு ஆங்கிலத்துக்குப் போனால் எம்.எல்.ஏ. ‘யெம்மெல்லே’ ஆகிறார், எக்ஸாம் ‘யெக்ஸாம்’ ஆகிறது. முன்னால் ஒரு ‘ய்’ முளைத்துவிட்டதால் ‘ஏ யெம்.எல்.ஏ.’ என்பதுதான் காதுக்குச் சரியாகப் படும். அந்தக் காதைக் குறை சொல்ல முடியாது. அது விதிப்படிதான் நடந்துகொள்கிறது, கேட்ட ஒலிதான் தவறு. ‘அவர்’ என்பதை ‘ஹவர்’ என்று சொல்பவர் ‘ஏ ஹவர்’ என்று எழுதுவதும் இதே வகை. எச் ஊமையாக இருக்கும் குடும்பங்கள் மொத்தம் நான்குதான் என்று வைத்துக்கொள்ளலாம்: மணி நேரத்துக்கான ‘அவர்’, நேர்மைக்கான ‘ஆனஸ்ட்’, மரியாதைக்கான ‘ஆனர்’, வாரிசுக்கான ‘ஏர்’. இவற்றின் பிள்ளைகுட்டிகளும் இதில் அடக்கம். இந்த நான்கிலும் ‘ஹ’வைத் தூக்கிவிட்டுச் சொல்லப் பழகினால் ‘ஆன்’ தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

எச் எழுத்தின் பெயரே இங்கே ஒரு தலைவலி. ‘எச்’ என்பது பொதுவழக்கு. ‘ஹெச்’ என்று சொல்பவர்கள் நம் ஊரிலும் அயர்லாந்திலும் நிறைய. முதல் கட்சிக்காரர்கள் ‘ஆன் எச்.ஆர். மேனேஜர்’ என்பார்கள், இரண்டாம் கட்சியினர் ‘ஏ ஹெச்.ஆர். மேனேஜர்’ என்பார்கள். தேர்வில் மதிப்பெண் வேண்டுமானால் முதல் கட்சியில் சேர்ந்துவிடுவது நல்லது.

இனிக் கொஞ்சம் பழங்கதை. ‘ஏ’ என்பதுதான் மூலம், உயிர் வரும்போது ஒரு ‘ன்’ சேர்க்கிறோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நடந்தது நேர்மாறு. பழைய ஆங்கிலத்தில் ‘ஆன்’ என்றால் ஒன்று. அழுத்திச் சொன்னபோது அது காலப்போக்கில் இன்றைய ‘வன்’ ஆனது. அழுத்தமில்லாமல் அடுத்த சொல்லோடு ஒட்டிச் சொன்னபோது தேய்ந்து, இன்றைய ‘ஆன்’ ஆக நின்றது. 12ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு மெல்ல மெல்ல, மெய்யெழுத்துக்கு முன்னால் அந்த ‘ன்’னும் உதிர்ந்தது. உயிருக்கு முன்னால் மட்டும் உதிரவில்லை. அடுத்து வரும் உயிர் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டதே காரணம். ஆங்கிலேயர் வேகமாகப் பேசும்போது ‘ஆன் ஆப்பிள்’ என்று பிரித்தா சொல்கிறார்கள்? ‘அனாப்பிள்’தான்.

இந்த ஒட்டுதலால் ஆங்கிலத்தில் சில வேடிக்கைகள் நடந்தன. சமையலறையில் இடுப்பில் கட்டும் ‘ஏப்ரன்’ முன்பு ‘நேப்ரன்’. ‘ஏ நேப்ரன்’ என்று சொன்னதை ‘ஆன் ஏப்ரன்’ என்று காது பிரித்துக்கொண்டது. அதன் சொந்தக்காரரான ‘நாப்கின்’ மட்டும் ‘ந’வை விடவில்லை. கிரிக்கெட் மைதானத்தில் விரலை உயர்த்தும் அம்பயரும் ஒரு காலத்தில் ‘நம்பயர்’ மாதிரியான பெயரில் இருந்தவர்தான். இணையில்லாதவர், அதாவது இரு தரப்பிலும் சேராத மூன்றாமவர் என்ற பொருளுள்ள பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தவர். வழியில் ‘ந’வைப் பறிகொடுத்தார். மறுபக்கம், பட்டப்பெயரைக் குறிக்கும் ‘நிக்நேம்’ கடன் வாங்கியது. ‘ஈக்’ என்றால் பழைய ஆங்கிலத்தில் கூடுதல். ‘ஆன் ஈக்நேம்’, கூடுதல் பெயர். அந்த ‘ன்’ தாவி வந்து பெயரோடு ஒட்டிக்கொண்டது.

ஆரஞ்சும் இப்படித்தான் ஆங்கிலத்தில் ‘ந’வை இழந்தது என்று பல புத்தகங்களில் எழுதியிருக்கும். அது சரியல்ல. பாரசீகத்தில் ‘நாரங்’, அரபியில் ‘நாரஞ்ச்’, ஸ்பானிய மொழியில் இன்றும் ‘ந’வோடு. இத்தாலி, பிரான்ஸ் பக்கம் போனபோதே அது தலையெழுத்தை இழந்துவிட்டது. ஆங்கிலத்துக்கு வந்ததே ஆரஞ்சாகத்தான். சமஸ்கிருதத்தின் ‘நாரங்க’ என்ற சொல்லுக்கு வேர் திராவிட மொழிகளில் இருக்கலாம் என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. நம் நாரத்தையும் மலையாளிகளின் நாரங்காவும் அந்தச் சாட்சிக் கூண்டில் நிற்கின்றன. ‘ஆன்’னுக்கு எடுத்துக்காட்டாக எல்லாப் பாடநூலிலும் வரும் பழம் ஒருவேளை நம் வீட்டு ஊறுகாய் ஜாடியின் உறவாக இருக்கலாம்!

பழைய நூல்களைப் படிக்கும் வாசகர்களுக்கு ஒரு குறிப்பு. 1611இல் வெளியான ஜேம்ஸ் மன்னர் பைபிளில் நூறுக்கும் வீட்டுக்கும் முன்னால் ‘ஆன்’ இருக்கும். அச்சுப் பிழை அல்ல, அன்றைய வழக்கு. சட்டம் படிப்பவர்களுக்கு இன்னும் சுவையான ஒன்று உண்டு. 1787இல் பிலடெல்பியாவில் எழுதப்பட்ட அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் பிரிவு, எட்டாம் உட்பிரிவில், குடியுரிமை வழங்குவது பற்றிய இடத்தில் ‘ஆன் யூனிஃபார்ம் ரூல்’ என்றுதான் இருக்கிறது. 1950இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியல் சட்டத்தின் 44ஆவது பிரிவில், பொது சிவில் சட்டம் பற்றிய வரியில் ‘ஏ யூனிஃபார்ம் சிவில் கோட்’ என்று இருக்கிறது. ஒரே சொல், இரண்டு அரசியல் சட்டங்கள், இரண்டு விதம். இன்றைய மொழிக்கு நம்முடையதே சரி.

‘ஹிஸ்டாரிக்’ முன்னால் ‘ஆன்’ போடலாமா என்று ஆங்கிலேயர்களே இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். முதல் அசையில் அழுத்தம் இல்லாததால் ‘ஹ’ மெலிந்துவிடும் என்பது ‘ஆன்’ போடுபவர்களின் வாதம். ‘ஹ’வைத் தெளிவாகச் சொல்பவர்களுக்கு ‘ஏ’தான் பொருத்தம்; நாம் தெளிவாகத்தான் சொல்கிறோம். மூலிகைக்கான ‘ஹெர்ப்’ அமெரிக்காவில் ‘எர்ப்’ ஆகிவிடுவதால் அங்கே ‘ஆன்’, இங்கிலாந்தில் ‘ஏ’. இரண்டுமே சரி.

இவ்வளவு நேரம் ஆங்கிலக் கதை கேட்ட உங்களுக்கு இந்நேரம் ஒன்று தோன்றியிருக்கும்: இது நம் ‘ஒரு’, ‘ஓர்’ கதைதானே! அதேதான். ‘ஒன்று’ என்ற எண் அடுத்த சொல்லோடு சேரும்போது மெய்க்கு முன்னால் ‘ஒரு’, உயிருக்கு முன்னால் ‘ஓர்’. ஒரு வீடு, ஓர் ஊர். நம்மிடம் இது ஒன்றோடு நிற்கவில்லை. இருநூறு என்கிறோம், ஈராயிரம் என்கிறோம். அது தவறு, அஃது இல்லை என்று எழுதுகிறோம். ஒரே ஒரு வேறுபாடு: தொல்காப்பியர் உயிரோடு ‘யா’வையும் சேர்த்துக்கொண்டார். அவர் கணக்கில் ‘ஓர் யானை’. ‘ய்’ என்ற ஒலி உயிருக்கும் மெய்க்கும் இடையில் ஊசலாடுவது என்பதை அவர் காது அன்றே பிடித்திருக்கிறது. இன்று நாம் ‘ஒரு யானை’ என்றே எழுதுகிறோம்.

இதை உங்களிடம் நான் சொல்வதற்குச் சுயநலமான காரணமும் உண்டு. நம் அலுவலகத்துக்கு வரும் கதை, கட்டுரைகளில் ‘ஓர் நாள்’, ‘ஓர் பெண்’, ‘ஓர் கடிதம்’ என்று எழுதுபவர்கள் பெருகிவருகிறார்கள். ‘ஓர்’ என்றால் இலக்கியத்தரம் கூடும் என்ற நினைப்பு. யுனிவர்சிட்டிக்கு ‘ஆன்’ போட்டுச் சுழி வாங்கிய பிள்ளைக்கு உள்ள நியாயம்கூட இதற்கு இல்லை. கதை மாந்தர்கள் பேசும்போது ‘ஒரு ஊர்ல ஒரு ராஜா’ என்றே இருக்கட்டும்; பேச்சில் கைவைக்க மாட்டோம். ஆசிரியர் கூற்றில் ‘ஓர் ஊர்’ என்று எழுதுங்கள். ‘ஓர் நாள்’ வேண்டவே வேண்டாம். தீபாவளி மலருக்குப் படைப்பு அனுப்ப இருப்பவர்கள் ஒருமுறை வாய்விட்டுப் படித்துத் திருத்திவிட்டு அனுப்பினால், எங்கள் மெய்ப்புத் திருத்துநர்கள் உங்களை வாழ்த்துவார்கள்.

அன்புடன்,
ஆசிரியர்